மேட்ச் பஸ்ஸின் என்ஜின் மூடி

நம்மில் எத்தனை பேர் பஸ்ஸின் என்ஜின் மூடிமீது உட்கார்ந்து ஊர் போயிருக்கிறோம்? கையைத் தூக்குங்கள். தோள்பட்டை வலிக்காரர்கள் தலையை ஆட்டினால் போதும். இப்போதைய பஸ்களில் என்ஜின் எங்கே இருக்கிறதென்றே தெரிவதில்லை. அப்போதெல்லாம் டிரைவருக்கு இடப்பக்கம், ஒரு கன்றுக்குட்டி படுத்திருக்கிற அகலத்துக்குத் தகர மூடி போட்டு அது உட்கார்ந்திருக்கும். கோணியை நாலாக மடித்துப் போட்டு அதன்மேல் ஏறிவிட்டால் பஸ் முழுவதும் நமக்குக் கீழேதான். தை மாதக் குளிருக்கு அந்தச் சூடு இதமாக இருக்கும். ஆனால் வண்டி கொதித்துவிட்டால் கோணி என்ன, மெத்தை போட்டாலும் உட்கார முடியாது. இதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் செய்த தப்பு இந்தச் சூட்டைப் பற்றியதுதான்.

எனக்கு ஒன்பது வயது. அப்பா டிரைவர். மன்னார்குடியிலிருந்து கூத்தாநல்லூர் வழியாகத் திருவாரூர் போகிற பஸ். எங்கள் ஊர் மிராசுதாருக்கு நிலம் போக இரண்டு பஸ்ஸும் இருந்தன. அவரை எல்லோரும் முதலாளி என்பார்கள். நாங்கள் குடியிருந்த வீடும் அவருடையதுதான். அந்தத் தையில் அம்மா இரண்டாவது பிரசவத்துக்காகப் பாபநாசத்துத் தாய்வீட்டுக்குப் போயிருந்தாள். என்னை விட்டுவைக்க ஆளில்லாமல் சனிக்கிழமைகளில் அப்பா வண்டியிலேயே ஏற்றிக்கொண்டார். எங்கள் ஊர்ப் பெண்பிள்ளைகள் எட்டிக்கூடப் பார்க்காத கால்பந்து எனக்கு அப்படித்தான் வாய்த்தது.

பொங்கல் கழிந்ததும் கூத்தாநல்லூரில் போட்டி தொடங்கும். எங்கள் ஊர் அணி ஆடுகிற சனிக்கிழமைகளில் மதியம் மூன்று மணிக்கு ஒரு தனி டிரிப். கண்டக்டர் மாமா ஒரு பள்ளிக்கூட சிலேட்டில் ‘கால்பந்து’ என்று எழுதி முன்கண்ணாடியில் சாய்த்துவைப்பார். அவர் கறுப்பு சிவப்புக் கரை வேட்டிக்காரர். தேர்தலில் அவர் கட்சி ஜெயித்ததிலிருந்து நடையே மாறிவிட்டது என்று அப்பா கேலி செய்வார். அப்பா வண்டியை எடுக்கும் முன் ஸ்டியரிங்குக்கு மேலே ஒட்டியிருந்த வேளாங்கண்ணி மாதா படத்தைத் தொட்டுச் சிலுவை போட்டுக்கொள்வார். அதைப் பார்த்ததும் பின்னாலிருந்து யாராவது, “அப்படியே நம்ம டீமுக்கும் ஒண்ணு போடுங்க டிரைவரே” என்பார்கள். சிரிப்பும் விசிலும் கிளம்ப, யாரோ தகர டின்னைத் தட்ட ஆரம்பிப்பார்கள். பீடி, தேங்காயெண்ணெய், ஆட்டக்காரர்களுக்காக வெட்டிய எலுமிச்சை, சட்டையில் ஒட்டிய வைக்கோல் தூசி எல்லாம் கலந்து அந்த பஸ்ஸுக்கென்று ஒரு வாசனை இருந்தது.

ஊரைத் தாண்டி ஒரு மைலில் வாய்க்கால் மதகு. அதற்குச் சற்று முன்னால் கீழத்தெரு ஸ்டாப். வயல்வேலை செய்கிற கூலிக் குடும்பங்கள் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் ஒதுங்கியிருந்த தெரு அது. அங்கே ஏறுகிறவர்கள் பின்பக்கம் போய் நின்றுகொள்வார்கள். இருக்கை காலியாகக் கிடந்தாலும் உட்கார மாட்டார்கள். அவர்களுக்கு நின்றுகொண்டு போவதுதான் பிடிக்கும் என்று நான் நினைத்திருந்தேன். அதை அப்பாவிடம் சொல்லவும் செய்தேன். அவர் கியரை மாற்றினார். ஒன்பது வயதுக்கு அது பெரிய குற்றமில்லை என்பீர்கள். பஸ்ஸில் இருந்த பெரியவர்களும் அப்படியே நினைத்துக்கொண்டிருந்ததுதான் இப்போது உறுத்துகிறது.

எங்கள் கோல்கீப்பர் அந்தத் தெருக்காரர். இருபது வயது இருக்கும். நான் கோல்கீப்பர் அண்ணன் என்பேன். வைக்கோல் போர் போடும்போது கீழேயிருந்து வீசுகிற கட்டுகளை மேலே நின்று பிடித்துப் பிடித்துப் பழகிய கை. எந்தப் பக்கம் எறிந்தாலும் வாங்கிவிடும். அவர் பந்தைப் பிடித்ததும் அதில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டுத்தான் உதைப்பார். முதல் ஆட்டத்தில் ஜெயித்தோம். நானும் கண்டக்டர் மாமாவும் மைதானத்தின் கீற்றுத் தட்டிக்கு வெளியே நின்ற பஸ்ஸின் கூரைமேல் ஏறிப் பார்த்தோம். எதிர்வீடுகளின் மாடி ஜன்னல்களில் பெண்கள் கூட்டம். சிங்கப்பூரிலிருந்து வந்தவர்கள் கைலி கட்டிக்கொண்டு, மடக்குக் குடையை விரித்தும் மூடியும் ஆரவாரம் செய்தார்கள். கோல் விழுந்தால் குடைகள் மேலே பறக்கும். எனக்குக் கோலைவிடக் குடைதான் பிடித்திருந்தது.

அதற்கடுத்த வாரம் அறுப்பில் தகராறு வந்தது. கூலி நெல்லில் இன்னும் கொஞ்சம் கூட்டிக் கேட்டுக் கீழத்தெரு வயலில் இறங்கவில்லை. தெரு முனையில் சிவப்புக் கொடி ஏறியது. முதலாளி வெளியூர் ஆட்களை இறக்கினார். அறுப்பு நடக்கிற வரப்போரம் போலீஸ் வேன் வந்து நின்றது. கதிர் முற்றித் தலைசாய்ந்து கிடக்க, மனிதர்கள் மட்டும் விறைத்துக்கொண்டு நின்றார்கள். அந்தச் சனிக்கிழமை அரையிறுதி ஆட்டம். காலையில் முதலாளி ஷெட்டுக்கே வந்து கண்டக்டர் மாமாவிடம் சொன்னார்.

“என் வயல்ல கால் வைக்காதவன் என் வண்டியில எதுக்குக் கால் வைக்கணும்? கீழத்தெரு ஸ்டாப்புல நிறுத்தாத. கோல்கீப்பர மட்டும் ஏத்திக்க.”

அணிக்குச் சட்டை தைத்துக் கொடுத்ததும் அவர்தான். கோப்பை ஊருக்கு வரவேண்டும் என்ற ஆசை அவருக்கும் இருந்தது. வேறு யாருக்கும் தோன்றாத நல்ல யோசனை என்று எண்ணியிருப்பார் போல.

ஸ்டாப்பில் நாற்பது ஐம்பது பேர் காத்திருந்தார்கள். அப்பா வண்டியை நிறுத்தாமல் உருட்டினார். கண்டக்டர் மாமா கதவைப் பாதி திறந்துகொண்டு, “தம்பி, நீ மட்டும் ஏறிக்க. முதலாளி உத்தரவு” என்றார். கோல்கீப்பர் அண்ணன் கூடவே ஓடிவந்து படியில் ஒரு காலை வைத்தார். பின்னால் திரும்பிப் பார்த்தார்.

“இவங்கள விட்டுட்டு நான் மட்டும் வந்து யாருக்குப் பந்து புடிக்கிறது?”

காலை எடுத்துவிட்டார். பஸ் போய்விட்டது. நான் திரும்பிப் பார்த்தபோது அத்தனை பேரும் நடக்கத் தொடங்கியிருந்தார்கள். எங்கள் புழுதி அவர்களை மூடியது. கூத்தாநல்லூருக்கு அங்கிருந்து ஆறு மைல்.

அன்று வேறொருவர் கோலில் நின்று முதல் பாதியிலேயே இரண்டு விட்டுக்கொடுத்தார். இடைவேளையில் முழங்கால்வரை வெள்ளைப் புழுதியோடு கீழத்தெரு வந்து சேர்ந்தது. கோல்கீப்பர் அண்ணன் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு உள்ளே இறங்கினார். அப்புறம் ஒரு பந்துகூட உள்ளே போகவில்லை. நாங்களும் இரண்டு போட்டு ஆட்டம் சமமாக முடிந்தது. அடுத்த சனிக்கிழமை மறு ஆட்டம் என்றார்கள். திரும்பும் வழியிலும் அவர்கள் நடந்துதான் வந்துகொண்டிருந்தார்கள். அவர்களைத் தாண்டும்போது அப்பா வண்டியை மாட்டுவண்டி வேகத்துக்குக் குறைத்தார்.

“ஏன்ப்பா இவ்வளவு மெதுவா போறீங்க?” என்றேன்.

“புழுதி அடிக்கும்மா” என்றார்.

மறு ஆட்டத்தன்று கீழத்தெரு ஸ்டாப்பில் அப்பா நிறுத்தவில்லை. உத்தரவுப்படி தாண்டினார். முப்பது கஜம் தள்ளி மதகருகில் பிரேக்கைப் போட்டு, “வண்டி சூடாயிருச்சு. தண்ணி ஊத்தணும்” என்று சொல்லிவிட்டு, சிவப்புப் பெயிண்ட் அடித்த தண்ணீர் டின்னோடு இறங்கினார். அந்தக் காலத்து வண்டிகள் வழியில் தண்ணீர் கேட்பது வழக்கம்தான், யாரும் ஒன்றும் நினைக்கவில்லை. கண்டக்டர் மாமா, “உள்ள புழுங்குது” என்று பின்கதவைத் திறந்துவிட்டார். கீழத்தெருக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து ஏறினார்கள். அப்பா துணியைச் சுற்றி ரேடியேட்டர் மூடியைத் திறந்தார், மூடினார். மதகடியில் மொண்டுவந்த தண்ணீர் முக்கால்வாசி ரோட்டோரப் பூவரசு மரத்துக்குப் போனது. நான் உட்கார்ந்திருந்த மூடியோ வெதுவெதுப்புக்கு மேல் ஒரு இம்மிகூட ஏறவில்லை. பெரியவர்கள் விளையாடும் ஏதோ விளையாட்டு என்று எனக்குப் பட்டது. அன்று ஜெயித்தோம். திரும்பும்போதும் சரியாக அதே மதகில் வண்டி ‘கொதித்தது’.

பஸ்ஸில் வந்த யாரோ போய் முதலாளியிடம் ஓதியிருக்கிறார்கள். திங்கட்கிழமை காலையில் அவர் காரியஸ்தரோடு ஷெட்டுக்கு வந்தார். அவருடைய நிலம், பஸ் எல்லாவற்றையும் மேய்ப்பவர் இந்தக் காரியஸ்தர். அப்பா டீசல் வாங்கப் போயிருந்தார். பள்ளிக்கூடத்துக்கு நேரமாகும்வரை நான் பஸ் படிக்கட்டில் உட்கார்ந்து ஆடும் பல்லை நாக்கால் தள்ளிக்கொண்டிருந்தேன்.

“வண்டி வாங்கி ரெண்டு வருஷம் ஆகல, அதுக்குள்ள கொதிக்குதாம்” என்றார் முதலாளி, காரியஸ்தரைப் பார்த்து. “தண்ணி ஊத்தத் தெரியாத டிரைவர வச்சிக்கிட்டு நான் பஸ் ஓட்டுறேன் பாரும்.”

எனக்குச் சுருக்கென்றது. என் அப்பாவைப் போய்! தினமும் விடியற்காலையில் என் முகத்தைத் துடைக்குமுன் அந்த என்ஜினைத் துடைப்பவர் அவர்.

“வண்டி கொதிக்கவே இல்லீங்க” என்று எழுந்து நின்று சொன்னேன். “நான் என்ஜின் மூடி மேலதான் உக்காந்திருந்தேன். கொதிச்சா அதுல உக்காரவே முடியாது. எங்கப்பா தெனமும் தண்ணி பாத்துட்டுத்தான் வண்டி எடுப்பாரு. அவரு வண்டிய நல்லாத்தான் வச்சிருக்காரு!”

முதலாளி சிரித்தார். “கெட்டிக்காரப் பொண்ணு” என்று பையிலிருந்து ஒரு பெப்பர்மின்ட் எடுத்துக் கொடுத்தார். அவர் பேசியதே என் காதில் விழவேண்டும் என்றுதானோ என்று இப்போது தோன்றுகிறது. அன்று பெப்பர்மின்ட்டைச் சப்பிக்கொண்டு, அப்பாவின் மானத்தைக் காப்பாற்றிவிட்ட பெருமையோடு பள்ளிக்கூடம் போனேன்.

சாயங்காலம் கண்டக்டர் மாமா வீட்டுக்கு வந்து வாசலிலேயே நின்று சொன்னார். இறுதி ஆட்டத்தன்று காரியஸ்தர் முன்சீட்டில் உட்கார்ந்து வருவார். “கொதிக்காத வண்டி மதகுல நின்னா, சாவிய அவருகிட்ட கொடுத்துட்டு அங்கயே எறங்கிக்கணுமாம். வீட்டையும் காலி பண்ணிடணுமாம். யாரு சொன்னாங்கன்னு தெரியல டிரைவரே, கொதிக்கலங்கிறது அவருக்குத் தெரிஞ்சிபோச்சு.” அப்பா என் பக்கம் திரும்பவில்லை. அடுப்படியில் சோறு வடித்துக்கொண்டிருந்தார், வடித்து முடித்தார். அம்மா கைப்பிள்ளையோடு வந்து எந்த வீட்டில் இறங்குவாள் என்று எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. பெப்பர்மின்ட் கொடுத்தது ஏன் என்று அப்போதுதான் புரிந்தது. வாயைத் திறந்து நான்தான் என்று சொல்ல முடியவில்லை. ஐந்து நாள் நான் அவர் முகத்தைப் பார்க்காமலே சாப்பிட்டேன்.

சனிக்கிழமை காலை ஷெட்டில் அப்பா வண்டிக்கு அடியில் குனிந்திருந்தார். ரேடியேட்டரிலிருந்து தண்ணீர் தரையில் ஓடிக்கொண்டிருந்தது. கழுவிவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற்றப்போகிறார் என்று நினைத்தேன். அவர் ஊற்றவில்லை. மதியம் நான் வழக்கம்போல் கோணியை எடுத்தபோது கையிலிருந்து வாங்கிவைத்துவிட்டார்.

“இன்னிக்கு நீ இங்க வேண்டாம்மா. பின்னாடி போயி நில்லு.”

அவ்வளவுதான். அதட்டல் இல்லை. அவருக்குத் தெரிந்துவிட்டது, இதுதான் தண்டனை என்று புரிந்துகொண்டு கடைசி வரிசைக்குப் போனேன். இருக்கைகள் காலியாகவே இருந்தன. நில்லு என்றாரே என்று கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்ப்பது போல இருந்தது.

பஸ் கிளம்பிக் கீழத்தெரு ஸ்டாப்பைத் தாண்டும்போதே காந்தல் நாற்றம். முன்னால் இருந்தவர்கள் இருமினார்கள். என்ஜின் மூடியின் இடுக்கிலிருந்து ஆவி சீறியது. சரியாக மதகருகில் வந்து வண்டி தானாகவே முக்கி முனகி நின்றது. எவ்வளவு தண்ணீர் விட்டுவைத்தால் எவ்வளவு தூரம் ஓடும் என்று அந்த மனிதருக்குத் தெரிந்திருந்தது. காரியஸ்தர் மூடியில் கையை வைத்துப் பார்த்து, “ஆத்தாடி!” என்று உதறிக்கொண்டார்.

“நெசமாவே கொதிக்குதேய்யா!”

“ஆமாங்க” என்றார் அப்பா.

சூடு அடங்கக் காத்திருக்க வேண்டியதாயிற்று. கீழத்தெருக்காரர்கள் மதகின் கட்டைச்சுவரோரம் நின்று பார்த்தார்கள். யாரும் ஏறவில்லை. கோல்கீப்பர் அண்ணன் மட்டும் வந்து அப்பா கையிலிருந்த டின்னை வாங்கிக்கொண்டு வாய்க்காலில் இறங்கி நாலைந்து நடை தண்ணீர் கொண்டுவந்தார். அப்பா கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார். பிறகு செல்ஃபைத் தட்டினார். என்ஜின் எடுக்கவில்லை. சூட்டில் அணைந்தால் அந்த வண்டியைத் தள்ளித்தான் கிளப்ப வேண்டும் என்பது ஊருக்கே தெரியும். உள்ளே இருந்தவர்கள் சலவைச் சட்டையோடு இறங்கித் தள்ளினார்கள். மதகு மேடு. வண்டி ஒரு முழம் போய் இரண்டு முழம் பின்னால் வந்தது.

காரியஸ்தர் கடிகாரத்தைப் பார்த்தார். அவரும் ஒரு கால்பந்துப் பைத்தியம், இல்லாவிட்டால் இந்தக் காவலுக்கு வேறு ஆளை அனுப்பியிருப்பார். கட்டைச்சுவர்ப் பக்கம் திரும்பி, “ஏய், வந்து தள்ளுங்கடா” என்றார். ஒருவரும் அசையவில்லை.

“தள்ளுறோங்க” என்றார் கோல்கீப்பர் அண்ணன். “தள்ளிட்டு ஏறிக்குவோம். எல்லாரும்.”

காரியஸ்தர் அப்பாவைப் பார்த்தார். அப்பா மாதா படத்தில் தூசி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

“சரி, ஏறித் தொலைங்க. மொதல்ல தள்ளுங்கப்பா, மணியாவுது!”

அந்த ‘ப்பா’வுக்காகவே தள்ளலாம். ஐம்பது பேர் கை வைத்ததும் பஸ் மேட்டில் ஏறி, குலுங்கி, உறுமிக் கிளம்பியது. ஓடி ஓடி ஏறினார்கள். அன்று கோல்கீப்பர் அண்ணனின் அம்மாவும் ஆட்டம் பார்க்க வந்திருந்தார். மூச்சு வாங்க என் பக்கத்தில் வந்து கம்பியைப் பிடித்தார்.

“எடம் கெடக்கையில ஏம்மா நிக்கிற?”

“நீங்களுந்தான் நிக்கிறீங்க” என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார், இருக்கையைப் பார்த்தார். “அதானே!” என்று சிரித்துக்கொண்டே உட்கார்ந்து, என்னை இழுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். அவர் உட்கார்ந்ததும் இன்னொருவர் உட்கார்ந்தார். மூன்றாவது ஆள் கொஞ்சம் யோசித்து உட்கார்ந்தார். கூத்தாநல்லூர் வருவதற்குள் பின்வரிசைகள் நிறைந்துவிட்டன. முன்னால் ஒன்றிரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். ஆட்டத்துக்கு நேரமாகிவிட்ட பதற்றத்தில் மறுபடி ரோட்டைப் பார்த்துக்கொண்டார்கள்.

கோப்பை வாங்கினோமா என்கிறீர்களா? இல்லை. கோல்கீப்பர் அண்ணன் பெனால்ட்டியையே தட்டிவிட்டார். தட்டிய பந்து எதிராளி காலிலேயே போய் விழுந்தால் அவர்தான் என்ன செய்வார்? ஒரு கோலில் தோற்றோம். காரியஸ்தருக்குக் கத்திக் கத்திக் குரலே போய்விட்டது. திரும்பும்போது என்ஜினிலிருந்து புதிதாக ஒரு டொக் டொக் சத்தம் வந்தது. அப்பா தலையைச் சாய்த்து அதையே கேட்டுக்கொண்டு ஓட்டினார்.

ஒரே வாரத்தில் என்ஜின் விரிசல் கண்டது. உத்தரவை மீறினான் என்று முதலாளியால் சொல்ல முடியவில்லை. காரியஸ்தர் கையே சுட்டிருந்ததே. தண்ணீர் பார்க்காமல் வண்டியைப் பாழடித்தான் என்று சொல்லி வேலையை விட்டு நிறுத்தினார். வீடும் போயிற்று. ஒரு டிரைவருக்கு அதைவிடக் கேவலமான பெயர் கிடையாது. மன்னார்குடியிலிருந்து திருவாரூர்வரை எந்த பஸ்காரரும் அவரைக் கூப்பிடவில்லை. நாங்கள் ஒரத்தநாட்டுப் பக்கம் போனோம். அப்பா டிராக்டர் ஓட்டினார். தங்கையை மடியில் போட்டுக்கொண்டு அம்மா, “ஒரு டின் தண்ணி ஊத்த உடம்பு வணங்கலயா உங்களுக்கு?” என்று கேட்காத நாளில்லை. அப்பா அவளிடமும் சொல்லவில்லை. கீழத்தெருக்காரர்களுக்குக் கேட்டதில் பாதி கிடைத்து அறுப்பு முடிந்ததாகக் கேள்விப்பட்டோம். சில வருஷம் கழித்து அரசாங்கம் பஸ்களை எடுத்துக்கொண்டபோதுதான் அவர் மறுபடி ஸ்டியரிங் பிடித்தார்.

அன்று என்னைப் பின்னால் அனுப்பியதைத் தண்டனை என்றே வெகுகாலம் நம்பியிருந்தேன். என் பிள்ளைகளுக்குச் சோறூட்டி வளர்த்த பிறகுதான் உறைத்தது. மூடி சுட்டால் என் தொடை வெந்திருக்கும், அதற்காக அனுப்பினார். ஏன் என்று அவர் சொல்லாததற்கும் காரணம் உண்டு. மறுபடி முதலாளி கூப்பிட்டுக் கேட்டால், எனக்குத் தெரியாது என்று நான் பொய்யில்லாமல் சொல்ல வேண்டும்.

அவர் ஓய்வுபெற்று ரொம்ப நாள் கழித்து, ஒரு கல்யாணத்துக்காக இருவரும் அரசு பஸ்ஸில் கூத்தாநல்லூர் போனோம். மதகு நெருங்கியதும் நான் அவர் பக்கம் திரும்பினேன்.

“அப்பா, அன்னிக்கு முதலாளிகிட்ட சொன்னது நான்தான்.”

“தெரியும்மா.”

“கோவமே வரலையா உங்களுக்கு?”

அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“அத்தன பேரும் என்னைத் தண்ணி ஊத்தத் தெரியாத டிரைவர்னு சொன்னாங்க. வண்டிய நல்லா வச்சிருந்தேன்னு சொன்ன ஆளு நீ ஒருத்திதானே.”

கீழத்தெரு ஸ்டாப்பில் பஸ் நின்றது. ஒரு புருஷனும் பெண்சாதியும் ஏறி, எங்களுக்கு முன்னால் காலியாக இருந்த இருக்கையில் உட்கார்ந்தார்கள்.